கமா போடும் முன் கேட்டவர்

செய்தி கைப்பேசியில் வந்தது. அதுவும் என் கைப்பேசியில் இல்லை. ராஜகிரிக் கோட்டை வாசலில் மோர்ப் பானையை வண்டியில் ஏற்றி வைத்துக்கொண்டிருந்தேன். ஷேர் ஆட்டோ ஓட்டும் செல்வம் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி வந்தான்.

"தாத்தா, இது உங்க டீச்சர் மாதிரி இருக்குது, பாருங்க."

வாங்கிப் பார்த்தேன். சாந்தமதி டீச்சரின் முகம். அதைச் சுற்றி ரோஜா இதழ்கள் விழுந்துகொண்டே இருந்தன. கீழே எழுத்து ஓடியது. முன்பெல்லாம் இப்படி ஏதாவது வந்தால் யாரையாவது படிக்கச் சொல்வேன். அவர் தொண்டையைச் செருமுவதற்குள் மனசு கொஞ்சம் தயாராகிவிடும். இப்போது எனக்கே படிக்க வருகிறது. எழுத்தெழுத்தாகக் கூட்டிப் படித்தேன். 'செஞ்சியின் கமா அம்மா காலமானார்' என்று இருந்தது.

முதலில் வந்தது அழுகை இல்லை, கோபம். சாந்தமதி என்று அழகான பெயர் இருக்கிறது. பஜாரில் பாதிக் குடும்பத்துக்கு டைப் மெஷினில் விரல் வைக்கச் சொல்லிக் கொடுத்தவர். அவரிடம் லோயர், ஹையர் பரீட்சை முடித்துவிட்டு ஆபீஸ்களில் உட்கார்ந்தவர்கள் எத்தனையோ பேர். அவர்களில் ஒருவர்தான் இதை எழுதி அனுப்பியிருக்கிறார். செத்த அன்றும் பட்டப்பெயரா? இன்னொரு கோபமும் இருந்தது. அவர் என்னைவிட வயதில் சின்னவர். நியாயப்படி நான்தான் முதலில் போயிருக்க வேண்டும்.

உங்களில் பலருக்கு அவரைத் தெரியும். காந்தி பஜாரில் பாத்திரக் கடைக்கு மேல் மாடியில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் நடத்தினார். மேல்சித்தாமூரில் பிறந்த சமணக் குடும்பத்துப் பெண். பொழுது சாய்ந்த பிறகு ஒரு பருக்கை உள்ளே போகாது. வெங்காயம், பூண்டு தொடமாட்டார். கம்ப்யூட்டர் வந்த பிறகும் ஆங்கிலத்தில் மனு, விண்ணப்பம் அடிக்க வேண்டும் என்றால் சுற்றுப்பட்டு ஊர்க்காரர்கள் அவரிடம்தான் படியேறுவார்கள். நானும் அப்படிப் படியேறியவன்தான். ஆனால் அடித்துக்கொள்ள இல்லை, கற்றுக்கொள்ள.

முதியோர் வகுப்பில் தமிழ் எழுத்து படித்து முடித்த ஜோரில் இருந்தேன். பஸ் போர்டு, மருந்துக்கடைப் போர்டு, சுவரொட்டி என்று ஒன்றையும் விடாமல் படிப்பேன். படிக்கத் தெரியாத எழுத்தைப் பார்த்தால் ஆத்திரமாக வரும். கோட்டைக்கு வெளிநாட்டுக்காரர்கள் நிறைய வர ஆரம்பித்திருந்தார்கள். என் வண்டியில் ஆங்கிலத்தில் ஒரு போர்டு வைக்க வேண்டும் என்று ஆசை. டீச்சரிடம் போய்ச் சொன்னேன். இந்த வயசில் எதற்கு என்று அவர் கேட்கவில்லை. "சாயங்காலம் வாங்க ஐயா, வெயில் இருக்கும்போதே வந்துடுங்க," என்றார்.

ஆங்கில எழுத்து வந்தது. வார்த்தை வந்தது. வாக்கியமும் தத்தித் தத்தி வந்தது. ஆனால் கமா என்கிற அந்தச் சின்ன வால் என்னைப் படுத்திவிட்டது. முதியோர் வகுப்பில் எனக்குச் சொல்லியிருந்தது, எங்கே மூச்சு விடுகிறாயோ அங்கே போடு என்று. எனக்கோ இளைப்பு. நான் எழுதிய ஆங்கிலத்தில் கமா, பொங்கலில் மிளகு மாதிரிக் கிடந்தது. டீச்சர் தாளைத் தூக்கிப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"ஏன் ஐயா, இங்க எதுக்கு இது?"

"அங்க மூச்சு முட்டிச்சு டீச்சர்."

"மூச்சு முட்டுனா தண்ணி குடிங்க. கமா போடாதீங்க."

பக்கத்து மெஷினில் இருந்த பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு அவர் சொன்னதை நான் மறக்கவில்லை. "மூச்சு உங்களோடது. ஆளுக்கு ஆள் மாறும். அர்த்தம் மாறக் கூடாது. கமா இல்லாம அர்த்தம் கெடுதான்னு பாருங்க. கெடலன்னா விட்டுடுங்க." மெஷினில் அடிக்கும்போதும் அந்த விசையை மட்டும் மெதுவாகத் தட்டச் சொல்வார். ஓங்கி அடித்தால் தாளில் ஓட்டை விழுந்துவிடும். எனக்குப் பல ஓட்டை விழுந்தது.

போர்டு எழுதும் நாள் வந்தது. கோட்டைக் குரங்குகளைப் பற்றி ஒரு எச்சரிக்கை எழுத ஆசைப்பட்டேன். கடிக்கிற குரங்குகளுக்குத் தீனி போடாதீர்கள் என்று. ஆங்கிலத்தில் குரங்கை முதலில் சொல்லிவிட்டு, கடிக்கிற சங்கதியைப் பின்னால் ஒட்ட வேண்டும். நடுவில் கமா உண்டா என்று கேட்டேன். நேராகப் பதில் சொல்லாமல் டீச்சர் என்னையே திருப்பிக் கேட்டார்.

"கோட்டையில எல்லாக் குரங்கும் கடிக்குமா?"

"இல்ல டீச்சர். காது கிழிஞ்ச கடுவன் ஒண்ணு, அதோட சுத்துற ரெண்டு மூணு, அதுங்கதான் கடிக்கும். மத்ததுங்க பிடுங்கினு ஓடும், அவ்ளோதான்."

"அப்ப கமா வேணாம். போட்டீங்கன்னா, எல்லாக் குரங்கும் கடிக்கும்னு ஆயிடும்."

எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. கமா போடலாமா வேண்டாமா என்பது புத்தகத்தில் இருக்கிறது என்று நினைத்திருந்தேன். அது மலையில், அந்தக் குரங்குகளிடம் இருந்திருக்கிறது!

போர்டை மாட்டினேன். ஊரில் ஸ்போக்கன் இங்கிலீஷ் சென்டர் நடத்துகிறவர் ஒருவர் இருக்கிறார். அவரும் டீச்சரிடம் படித்தவர்தான். பெயர் வேண்டாம், சென்டர்க்காரர் என்றே சொல்கிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மோர் குடிக்க வந்தவர் போர்டைப் படித்தார். சட்டைப் பையிலிருந்து மார்க்கர் எடுத்தார். "பெரியவரே, உங்க டீச்சர் இங்க ஒரு கமாவ விட்டுட்டாங்க," என்று போட்டே விட்டார். குரங்கு எத்தனை, கடிப்பது எது என்று என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அடுத்த நாள் வெள்ளைக்கார அம்மாள் ஒருவர் போர்டைப் படித்துவிட்டு, மதில்மேல் குட்டிக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்த குரங்கைப் பார்த்துப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடினார். அந்தத் தாய்க்குரங்கு யாருக்கு என்ன கெடுதல் செய்தது? துணியை மண்ணெண்ணெயில் நனைத்து அந்தக் கமாவைத் தேய்த்துத் தேய்த்து அழித்தேன். சாயங்காலம் டீச்சரிடம் போய்க் குமுறினேன்.

"குரங்குக்காக நீங்க கோர்ட்டுக்கே போவீங்க போல," என்று சிரித்தார். பிறகு, "அவரு இலக்கணச் சட்டத்தப் படிச்சிருக்காரு. குரங்கப் பாக்கல," என்றார். ஒரு ஆளைப் பற்றி அவர் சொல்லி நான் கேட்ட கடுமையான பேச்சு அதுதான்.

இப்போது முக்கியமான சங்கதிக்கு வருகிறேன். டீச்சர் பிறத்தியார் குடும்பத்து வம்பு கேட்பவர் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. உங்கள் காதிலும் விழுந்திருக்கும். மனு அடிக்கப் போனவனிடம் உனக்கு எத்தனை பிள்ளைகள் என்று கேட்டு, நாலு பேருக்கு முன்னால் அழ வைத்தார் என்பது கதை. அன்றைக்கு அங்கே பெஞ்சில் உட்கார்ந்திருந்தவன் நான். நடந்தது இதுதான்.

வந்தவர் தொண்டூர் விவசாயி. சின்ன மகன் சிங்கப்பூரில் ஒரு கம்பெனியில் வேலை. வீட்டுக்காரம்மாவுக்கு ஆபரேஷன். மகனுக்கு லீவு கொடுத்து அனுப்பும்படி கம்பெனிக்கு ஆங்கிலத்தில் எழுத வேண்டும். யாரோ ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்திருந்தார்கள். டீச்சர் தாளைச் சொருகிப் பாதி அடித்தார். 'உங்களிடம் வேலை செய்யும் என் மகன்' என்ற இடம் வந்ததும் நிறுத்தினார்.

"உங்களுக்கு எத்தனை பிள்ளைங்க?"

"அது இன்னாத்துக்கு?"

"ஒரே மகன்னா இங்க கமா வரணும். இன்னொருத்தர் இருந்தா வரக் கூடாது."

"ஒருத்தன்தான். அடிங்க."

சொன்னவரின் குரல் ஒரு மாதிரி இருந்தது. டீச்சர் அடிக்கவில்லை. கைகளை மெஷினிலிருந்து எடுத்துவிட்டு அவரையே பார்த்தார். மிரட்டும் பார்வை இல்லை. கடையில் அளந்து போடுகிறவர் படி நிறையட்டும் என்று நிற்பாரே, அந்த மாதிரி.

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "ஒருத்தன்னு போட்டா இன்னா, ரெண்டுன்னு போட்டா இன்னா? சிங்கப்பூர்க்காரன் வந்து எண்ணிப் பாக்கப் போறானா?"

"பாக்க மாட்டான்."

"பின்ன?"

"இது நீங்க பேசுறது. நான் அடிக்கத்தான் செய்யறேன். நீங்க ஒருத்தர்னு சொன்னா ஒருத்தர்னே அடிச்சுடறேன். சொல்லுங்க."

மெஷின் சத்தம் எல்லாம் நின்றுவிட்டது. பெண்கள் குனிந்துகொண்டார்கள். அந்த மனிதர் ஜன்னல் பக்கம் திரும்பினார். "பெரியவன் ஒருத்தன். வேற தெருப் பொண்ண இட்டுனு போயி கட்டிக்கினான். அவனத் தலைமுழுகிட்டேன்," என்றார்.

அது யார் பெண், எந்தத் தெரு, எப்போது நடந்தது, ஒன்றும் டீச்சர் கேட்கவில்லை. வம்பு கேட்பவராக இருந்தால் அங்கேதானே கேட்டிருக்க வேண்டும்? ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"இருக்காரா?"

அவர் வாயைத் துண்டால் பொத்திக்கொண்டார். துண்டுக்குள்ளேயே, "இருக்கான்," என்றார். அழுதார்.

"அப்ப கமா வேணாம்," என்று சொல்லிவிட்டு டீச்சர் மெஷின் பக்கம் திரும்பி அடிக்க ஆரம்பித்தார். அழுகிற மனிதரை யாரும் பார்க்காதபடி மற்ற மெஷின்களையும் அடிக்கச் சொன்னார். அந்தச் சத்தத்தில் அவர் அழுது முடித்தார். கடிதத்தில் கையெழுத்து வாங்கிக் கொடுத்தனுப்பினார். இதுதான் அந்த வம்பு.

டீச்சர் போன அடுத்த வாரம் பழைய மாணவர்கள் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் கல்யாண மண்டபம் பிடித்து இரங்கல் கூட்டம் வைத்தார்கள். நானும் போனேன். வாசலில் ஆளுயரத்துக்கு ஃப்ளெக்ஸ். அதில் ஆங்கிலத்தில் நாலு வரி. முட்டி முட்டிப் படித்தேன். கமா என் பழைய தாளில் இருந்த மாதிரி இறைந்து கிடந்தது. ஃப்ளெக்ஸ் கடைப் பிள்ளை கயிறு கட்டிக்கொண்டிருந்தான்.

"இத யாருப்பா எழுதுனது?"

"யாரும் எழுதல தாத்தா. போன்ல கேட்டா அதுவே எழுதிக் குடுத்துடும்."

சொந்தக்காரர் இல்லாத வாக்கியத்தை யாரிடம் போய்க் கேட்பது?

கூட்டத்தைப் பொழுது போன பிறகு ஆரம்பித்தார்கள். ஆபீஸ் போய்வருகிறவர்களுக்கு அதுதான் வசதியாம். வந்தவர்களுக்கெல்லாம் பேப்பர் தட்டில் மெதுவடை. உள்ளே பச்சை வெங்காயம். மேல்சித்தாமூரிலிருந்து வந்திருந்த டீச்சருடைய தம்பியும் தம்பி மனைவியும் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார்கள். விளக்கு வைத்த பிறகு வாயைத் திறக்காத வீட்டுக்காரர்களுக்கு, அவர்கள் வீட்டுச் சாவுக்கு, வெங்காய வடை! அத்தனை வருஷம் அவரிடம் படித்தவர்கள். ஒருவருக்காவது, 'அவங்க சாப்புடுவாங்களா?' என்று கேட்கத் தோன்றவில்லை. தட்டுகளை நான் வாங்கிக்கொண்டு போய் வைத்தேன்.

சென்டர்க்காரர் பேச வந்தார். நன்றாகத்தான் தொடங்கினார். பிறகு சிரிக்க வைக்கும் ஆசை வந்துவிட்டது.

"நம்ம மேடத்துக்கிட்ட லெட்டர் அடிக்கப் போனா, முதல் கேள்வி என்ன தெரியுமா? உனக்கு எத்தனை பிள்ளைங்க! அது டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டா, ரேஷன் ஆபீஸா?"

மண்டபம் சிரித்தது. "தொண்டூர்க்காரர் ஒருத்தர, பாவம், அழவே வெச்சுட்டாங்க!" இன்னும் சிரிப்பு.

எழுந்து நின்றேன். "நிறுத்துங்க சார்," என்றேன். மேலே சொல்ல வாய் வரவில்லை, இளைப்பு வந்துவிட்டது. மைக் பக்கத்தில் நின்றவர், "தாத்தா, உக்காருங்க, நேரமில்ல. கடைசியில பேசலாம்," என்றார். எனக்கு ஒரே பயம்தான். இந்தக் கதை இன்றைக்கு இந்த மைக்கில் இப்படியே நின்றுவிட்டால், இனி செஞ்சியில் அவர் வம்புக்காரிதான். மறுத்துச் சொல்ல அவர் இல்லை.

அப்போது கடைசி வரிசையில் ஒருவர் எழுந்தார். துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டிருந்தார். அந்தத் தொண்டூர்க்காரர்தான். அவர் வந்திருந்ததே அதுவரை எனக்குத் தெரியாது.

"அழுதது நான்தாங்க," என்றார்.

சிரிப்பு அப்படியே அறுந்தது.

"அந்த அம்மா கேட்டாங்க. ஆமா. ஊர்ல எல்லாருக்கும் தெரியும் எனக்குப் பெரியவன் ஒருத்தன் இருக்கான்னு. என் அண்ணன் தம்பி, பங்காளி, எவனும் என்னாண்ட அந்தப் பேச்ச எடுக்கல. நான் அடிச்சுடுவேன்னு பயம். அந்த அம்மா ஒருத்தருதான் கேட்டாங்க. அதுவும் என் கையில வுட்டாங்க. ஒருத்தன்னு சொன்னா ஒருத்தன்னே அடிக்கறேன்னாங்க." துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார். "எனக்கு ரெண்டு பசங்க. அத்தச் சொல்லத்தான் எழுந்தேன்."

உட்காரவில்லை. கும்பிட்டுவிட்டு வெளியே போய்விட்டார்.

சென்டர்க்காரர் மைக்கைப் பிடித்துக்கொண்டு, "நெகிழ்ச்சியான தருணம்," என்றார். அதையும் ஒரு ஐட்டமாகச் சேர்த்துக்கொண்டார்! நன்றியுரை படித்தார்கள். டீச்சரின் தம்பி மட்டும் வாசல்வரை ஓடி அந்த மனிதரின் கையைப் பிடித்துக்கொண்டதைப் பார்த்தேன்.

தொண்டூர்க்காரரின் கதையை நான் எழுதலாமா என்று அவரிடம் நேரில் கேட்டேன். யோசித்துவிட்டு, "எழுதுண்ணே, பேரு மட்டும் வேணாம்," என்றார். அதனால்தான் எழுதினேன், பேர் போடவில்லை. கேட்காமல் எழுதியிருந்தால் நானும் அந்த மார்க்கர்காரர் மாதிரிதான்.

அவருக்கு என்னிடம் வேறொரு வேலை இருந்தது. பெரிய மகனுக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும், தமிழில்தான். ஒரு மதியம், கூட்டம் குறைந்த நேரத்தில், என் வண்டிப் பக்கம் வந்து நிழலில் உட்கார்ந்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை. வாழ்நாளெல்லாம் அடுத்தவரைக் கெஞ்சி எழுதி வாங்கிக்கொண்டவனிடம் ஒருவர் எழுதித் தரக் கேட்டு வந்திருக்கிறார்! பேனாவை எடுத்துக்கொண்டேன்.

"இன்னா எழுதட்டும்?"

"எனக்கு இன்னா தெரியும்? நீயே ஏதாவது நல்லதா போட்டு எழுதுண்ணே. நீதான் படிக்கிறியே."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "யோவ், புள்ள உன்னுது. நான் போட்டா அது என் கடுதாசி. நீ சொல்லு."

மோர் கேட்டு ஒரு குடும்பம் வந்தது, ஊற்றிக் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். அவர் மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் சார்பில் ஏதாவது சொல்லி முடித்துவிடலாம் என்று எனக்கு நாக்கு துறுதுறுத்தது. அன்புள்ள மகனே, சுகமா, எல்லாரும் எழுதுவதுதானே. அடக்கிக்கொண்டேன்.

டீச்சரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது இது ஒன்றுதான். ஆங்கிலம் எனக்கு இன்னும் அரைகுறை. கமா இன்னும் தப்பாகத்தான் விழுகிறது. ஆனால் ஒருவருக்காக எழுதும் முன் அவரையே கேட்க வேண்டும். கேட்ட பிறகு, பதில் வரும்வரை வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும். அதை அவர் எனக்குத் தனியாகச் சொல்லிக்கொடுக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன்.

"முதல்ல அவன் பேர எழுது," என்றார் கடைசியில்.

பேரைச் சொன்னார். சொல்லும்போது தடுமாறினார். அந்தப் பேரைச் சொல்லி ரொம்ப வருஷம் ஆகியிருக்கும். நான் மெதுவாகத்தான் எழுதுவேன். ஒவ்வொரு எழுத்தாக எழுதி முடித்தேன்.

"படி," என்றார்.

படித்தேன்.

"இன்னொரு தடவ படிண்ணே."